கரட்டாங்குளத்துச் சூடு

கரட்டாங்குளத்துக்குத் தார் ரோடு வந்த வருஷம் சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் ஒரு காய்ச்சல் நடமாடிக்கொண்டிருந்தது, அது நுழைகிற வீட்டில் முதலில் சின்னப் பிள்ளைகளைத்தான் பிடிக்கிறது என்று பேச்சு இருந்தது, அதனால் ரோடு போட வடக்கேயிருந்து வந்த கூட்டம் வேலை முடிந்து லாரி ஏறியபோது காய்ச்சல் கண்ட ஒரு பெண்ணை மட்டும் நிழற்குடையில் படுக்க வைத்துவிட்டுப் போனதை ஊரில் எல்லோரும் பார்த்தார்கள், பார்த்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பஸ் வரும், ஏறிப் போய்விடுவாள் என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தான், விசில் கொடுத்துவிட்டான்.

நிழற்குடைக்கு நேர் எதிரே பவுன்தாயின் வீடு. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து மூன்றாவதாகப் பெற்ற பெண் குழந்தை பூமயில் அப்போது தொட்டிலில் இருந்தாள். வெளியிலிருந்து “அக்கா, தண்ணி... அக்கா” என்று குரல் வந்ததும் பவுன்தாய் சொம்பில் தண்ணீர் மோந்து வாசல்படி வரைக்கும் போனாள். தொட்டிலில் குழந்தை தும்மியது. அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள், பிறகு ஜன்னலையும் சாத்தினாள், பிறகு வெக்கையில் வேர்த்து ஒழுகிக்கொண்டு குழந்தையின் காதைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள், குழந்தைக்கு அந்தக் குரல் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெயில் தாழ்வதற்குள் குரல் நின்றுவிட்டது.

ரோடு வேலைக்கு வந்த ஜேசிபி ஒன்று டீசல் இல்லாமல் ஊர் எல்லையில் நின்றிருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் சங்கரவேலு டீசல் வாங்கி ஊற்றி, ஓடைப் புறம்போக்கில் அதை வைத்தே குழி தோண்டச் சொன்னார், அதன் பக்கெட்டாலேயே அவளை நிழற்குடையிலிருந்து எடுத்துக் குழிக்குள் இறக்கினார்கள், அதை வைத்தே மண்ணையும் தள்ளி மூடினார்கள். உயிரோடு இருந்தபோது தொடாதவர்கள் செத்த பிறகும் தொடவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்தார், பேர் தெரியாத பெண் என்றார், போனார். காய்ச்சல் ஊருக்குள் நுழையவில்லை. எல்லோரும் குலசாமிக்குப் பொங்கல் வைத்தார்கள்.

அவளுக்கு மட்டும் காய்ச்சல் இறங்கவில்லை.

முதலில் அதைக் கண்டுகொண்டவை நாய்கள். அந்த வருஷம் மார்கழிப் பனியில் ஊர் நாய்கள் எல்லாம் ஓடைக்கரையில் அந்த ஓர் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. பிறகு ஒரு கோழி அங்கே போய் முட்டையிட்டு, அடைகாக்காமலே குஞ்சுகளோடு திரும்பி வந்தது. முட்டிவலிக்காரர் ஒருவர் காலை வெயில் காய்கிற மாதிரி அங்கே போய் உட்கார்ந்து பார்த்தார், வலி விட்டது, ஆனால் மறுநாள் அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் அந்த மண்ணுக்குள் கசிந்து, பத்தடி தள்ளிப் பாறை இடுக்கில் வெதுவெதுப்பாக ஊறி வந்தது. அதற்கு ஓடைச் சூடு என்று பேர் விழுந்தது. யார் சூடு என்று எல்லோருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாம் என்று யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, ஆனாலும் யாரும் சொல்லவில்லை.

தூத்துக்குடியிலிருந்து அமலோற்பவம் என்ற நிலவியல் அம்மா ஒருவர் ஜீப்பில் வந்து, மண்ணுக்குள் குழாய்களை இறக்கிச் சில நாள் அளந்தார். பூமிச்சூட்டை எடுத்துக் கரண்டு தயாரிக்கலாம், வெந்நீர்க் குளம் கட்டலாம், வெளிநாடுகளில் அதைப் பார்க்கவென்றே ஜனங்கள் போகிறார்கள் என்று ஆசையாகச் சொன்னவர், கிளம்பும் நாளில் முகம் சுருங்கிப்போய் சங்கரவேலுவிடம் கேட்டார்.

“தலைவரே, பூமிச் சூடுன்னா கீழ போகப் போக ஏறணும். இங்க ஆள் ஆழத்துல மட்டும்தான் கொதிக்குது. அதுக்குக் கீழ குளுந்து கிடக்கு. இந்த எடத்துல எதையாச்சும் பொதச்சிருக்கீங்களா?”

“இல்லியே மேடம்” என்றார் சங்கரவேலு. அவருக்குப் பின்னால் நின்ற ஊரும் இல்லை என்று தலையாட்டியது. அமலோற்பவம் தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்றே அறிக்கையில் எழுதினார். அந்த வரியை மட்டும் யாரும் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜனங்கள் வந்தார்கள். முதலில் பக்கத்து டவுனிலிருந்து மொபெட்டில் வந்தார்கள், பிறகு வேனில், பிறகு பள்ளிக்கூடப் பஸ்களில், பூமிக்குள் எரியும் அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்த பிள்ளைகளோடு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள், சுற்றுலா இலாகாவிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் உங்களுக்கு இங்கே என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். குளிக்கக் குளம் வேண்டும், தங்க அறை வேண்டும், முட்டை வேகிற மாதிரி சூடு வேண்டும், பூமிச்சூட்டில் எரிகிற பல்பைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஜனங்கள் சொன்னார்கள்.

ஜனங்கள் கேட்கக் கேட்கச் சூடும் ஏறியது. வெதுவெதுப்பாக இருந்த ஊற்று கை பொறுக்காத வெந்நீராகி, வலைப்பையில் கட்டிப் போட்ட முட்டையை வேகவைத்து, ஆவி பறக்க ஆரம்பித்தது, அந்த ஆவியை ஒரு சின்ன எந்திரத்துக்குள் விட்டு வரிசையாகப் பல்பு மாட்டிப் பட்டப்பகலிலும் எரியவிட்டார்கள், ஆட்கள் பல்புக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் போட்டிருந்தவர்கள் செயின் போட்டார்கள். வெளியூருக்குக் கூலிக்குப் போனவர்கள் திரும்பி வந்து லாட்ஜ் வைத்தார்கள். ஊற்றுக்குப் பக்கத்து வீடு என்பதால் பெண்கள் குளத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை பவுன்தாய்க்குக் கிடைத்தது. துண்டு கொடுப்பாள், வழுக்குகிற இடத்தில் கைபிடித்து இறக்கிவிடுவாள். அந்தச் சம்பளத்தில்தான் பூமயில் கோயமுத்தூரில் ஹோட்டல் படிப்புப் படித்தாள், படிப்பு முடிந்ததும் ஊருக்கே வந்து பெரிய லாட்ஜை எடுத்து நடத்தப்போவதாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கரட்டாங்குளத்துக்காரர்கள் மட்டும் அந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை.

“ஏம்மா, நீங்க குளிக்க மாட்டீங்களா?” என்று சென்னைப் பெண்கள் கேட்பார்கள்.

“எங்களுக்கு ஒத்துக்காதும்மா” என்பாள் பவுன்தாய். வேறு யாரைக் கேட்டாலும் இதே பதில்தான், ஊரே ஒரு வாயால் சொல்கிற மாதிரி.

இன்னும் பெரிய எந்திரம் வைத்து, சுற்றியிருக்கிற ஊர்களுக்கும் கரண்டு கொடுத்து, அதைப் பார்க்க ஒரு பூங்காவும் கட்டப்போகிறார்கள் என்ற செய்தி டிவியில் வந்தது. அந்தச் செய்தியில் குளத்துக்குப் பின்னால் பழைய நிழற்குடை ஒரு நொடி தெரிந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு டீக்கடையில் அதைப் பார்த்த கிழட்டு மேஸ்திரி ஒருவன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய், பக்கத்துத் தெருவில் கல் உடைக்கிற தாண்டவராயனிடம், உன் பெண்டாட்டி யாரோடும் ஓடிப்போகவில்லை, நாங்கள்தான் அவளைக் காய்ச்சலோடு அந்தக் கூரைக்கடியில் போட்டுவிட்டு வந்தோம், அங்கேயே செத்துப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம் என்று சொன்னான்.

தாண்டவராயன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு கூட்டமாக வந்து இறங்கினான். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. முதலில் நிழற்குடைக்குள் போய் சிமெண்டுத் திண்டைத் தடவிப் பார்த்தான். பிறகு துண்டு கொடுத்துக்கொண்டிருந்த பவுன்தாயிடம் வந்தான்.

“எம்மா, இங்க தார் போட வந்த பொம்பள ஒருத்தி ஜொரத்துல செத்துட்டாளாம். எங்க பொதச்சாங்கன்னு தெரியுமா?”

பவுன்தாய் கையிலிருந்த துண்டுகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். “தெரியலியேண்ணே. அப்பிடி ஒண்ணும் இங்க நடக்கலியே.”

“அஞ்சலாட்சின்னு பேரு. இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும்.”

“தெரியாதுண்ணே” என்றாள் பவுன்தாய். அத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணுக்குப் பேர் ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. தழும்பைப் பார்க்கிற தூரத்துக்கு அவள் போனதும் இல்லை.

அவன் வேறு யாரையும் கேட்கவில்லை. ஆவி பறக்கிற பக்கம் பார்த்து நடந்து, கயிறு கட்டி வைத்திருந்த ஓடைக்கரைக்குப் போய், கயிற்றைத் தாண்டிக் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை வைக்காமல் புறங்கையை மண்ணில் வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

“இன்னும் ஜொரம் உடல” என்றான்.

அதை அவன் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் குளத்தில் இருந்த பவுன்தாய்க்குக் கேட்டது, டிக்கெட் கவுண்டரில் இருந்தவனுக்குக் கேட்டது, முட்டை விற்கிறவளுக்குக் கேட்டது, லாட்ஜ் மொட்டைமாடியில் நின்ற சங்கரவேலுவுக்கும் கேட்டது. வெளியூர்க்காரர்களுக்குக் கேட்கவில்லை.

அவன் தோள் துண்டை ஓடையின் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அந்த மண்ணில் விரித்தான். உஸ்ஸென்று ஆவி வந்து துண்டு காய்ந்தது. மறுபடி நனைத்துக்கொண்டு வந்தான். மறுபடி காய்ந்தது. இதையே அன்றைக்குப் பூராவும் செய்தான், மறுநாளும் செய்தான். வந்தவர்கள் இதுவும் அந்த இடத்து வழக்கம் என்று நினைத்துத் தங்கள் கைக்குட்டைகளைக் காயப்போட்டுச் சிரித்தார்கள்.

சங்கரவேலு அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மனசு நொந்துதான் பேசினார், நடிக்கவில்லை. “அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு. அந்தக் காலம் அப்பிடி, எல்லாரு வீட்லயும் பச்சப் புள்ளைக. ஒங்களுக்கு என்ன வேணும்னாலும் ஊர் செய்யும். அந்தம்மா பேர்ல ஒரு மண்டபமே கட்டிருவோம்.”

“அவளுக்கு ஜொரம் உடணும்.”

“அது விட்டுப்போச்சுன்னா...” சங்கரவேலு பல்புகளையும் லாட்ஜுகளையும் பார்த்தார். “இத்தன குடும்பம் அதுலதான் சாப்பிடுது அண்ணாச்சி.”

தாண்டவராயன் ஈரத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டான். “கோவிச்சிக்க எனக்கு யோக்கியத இல்லங்க. சண்ட போட்டன், அடிச்சன், அதான் அவ வேலைக்கு வந்துட்டா. திரும்பி வரலன்னதும் எவனோடயோ ஓடிட்டான்னு சொன்னாங்க, நம்பிட்டன். நம்பறது சுளுவா இருந்துது. தேடியிருந்தா அப்பவே இங்க வந்திருப்பன்.” மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டான். “துணி போடறத மட்டும் தடுக்காதீங்க.”

அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது. அவனை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றான் ஒரு லாட்ஜ்காரன். ஒரு ஆள் ஒரு துண்டை வைத்து என்ன செய்துவிட முடியும், களைத்துப்போய் அவனே போய்விடுவான் என்றான் இன்னொருவன். அதுதான் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் கலைந்தார்கள்.

அவன் போகவில்லை. ஆனால் அவன் துணி போடப் போடச் சூடும் குறையவில்லை. கை விரல்கள் கொப்புளித்து, கொப்புளம் உடைந்து, அவன் பல்லால் துண்டைப் பிழிய ஆரம்பித்தான். பவுன்தாய் குளத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே துண்டு கொடுத்தாள், கைபிடித்து இறக்கிவிட்டாள், காசு வாங்கினாள். ஒரு மத்தியானம், குளத்தில் இறங்கப் பயந்த ஒரு சின்னப் பெண் அவளைப் பார்த்து, “அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்களேன்” என்று கேட்டாள், குடிக்கத்தான் கேட்டாள், வெயில் அப்படி. பவுன்தாய் தண்ணீரைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், பெட்டியிலிருந்த தன் கல்யாணத்துக்கு முந்தைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து, ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள்.

“அண்ணே” என்றாள். நின்றுகொண்டேதான் சொன்னாள், உட்கார்ந்தால் சொல்லமுடியாமல் போய்விடும் என்று பயந்தாள். “அந்த எதுத்த வீடு என் வீடுதான். என்னத்தான் கூப்பிட்டா. தண்ணி மோந்துட்டேன். படிக்கட்டு வரைக்கும் வந்துட்டேன். குடுக்கல. கதவச் சாத்திட்டேன்.”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எம் புள்ளைக்காகத்தான் சாத்துனேன். ஆனா அவ செத்த பொறகு புள்ளைக்காகன்னு சொல்ல முடியாது. அப்பயும் நான் வரல. அண்ணே, ஏதாவது சொல்லுங்க.”

“துணிய ரொம்பப் புழியாத” என்றான் தாண்டவராயன். “ஈரம் இருக்கணும். அவ நெத்தி அகலம். ஓரத்துல நல்லா இழுத்து உடு.”

பவுன்தாய் உட்கார்ந்து, துணியை விரித்து, அதன் மேல் கையை வைத்தாள். சுட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அவள் கைக்குத் தெரிந்த சூடு அது, எங்கே தொட்டாலும் தெரிந்துவிடும் சூடு, அத்தனை வருஷமாக அவள் டிக்கெட் போட்டு விற்ற சூடு. அவள் அழவில்லை, அவன் முன்னால் அழ அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் உட்கார்ந்ததைப் பார்த்து முட்டை விற்கிறவள் வந்தாள். அப்புறம் ஜேசிபிக்கு அன்றைக்கு வழிகாட்டியவன் வந்தான், அப்புறம் முட்டிவலிக்காரர் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தார். கூப்பிட்டு யாரும் வரவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காத மாதிரி வேட்டிகளையும் சேலைகளையும் நனைத்துக்கொண்டு வந்தார்கள், ஓடையிலிருந்து கை மாற்றிக் கை மாற்றித் தண்ணீர் கொண்டுவந்தார்கள், தாங்கள் ஈரத்துணி போடப்போட மாடிகளும் செயின்களும் பிள்ளைகளின் காலேஜும் ஆறிக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தே போட்டார்கள், சிலர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதும் தெரிந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. லாட்ஜ்காரர்கள் சிலர் கடைசிவரை வரவில்லை. சங்கரவேலு வந்தார், தண்ணீர் தூக்கினார், மண்ணைத் தொடாமல் தள்ளியே நின்றார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் டிக்கெட் வாங்கிய ஜனங்கள் குளத்தை எப்போது திறப்பீர்கள் என்று சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்கள். பூமயில் போன் செய்தாள். “அம்மா, என்னம்மா பண்றீங்க, எல்லாரும் வீடியோ அனுப்புறாங்க” என்றாள். பவுன்தாய் அவளுக்கு ஆதியிலிருந்து சொன்னாள். மறுமுனையில் அவள் “எனக்காகவாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள், பிறகு பல நாள் எடுக்கவில்லை.

ஒரு விடிகாலையில் மண் வேர்த்தது. முதலில் பனி என்றுதான் நினைத்தார்கள். தொட்டால் உப்புக் கரித்தது. முத்து முத்தாக அந்த ஆள் நீளத்துக்கு மட்டும் வேர்த்து, வழிந்து, ஓடையில் இறங்கியது. எந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பல்புகள் சிவந்து அணைந்தன. குளத்தில் ஆவி அடங்கி, தண்ணீர் மற்ற ஊர்த் தண்ணீரைப் போலக் கிடந்தது.

தாண்டவராயன் புறங்கையை வைத்துப் பார்த்தான். கழுத்துப் பக்கம் என்று அவன் நினைத்த இடத்திலும் வைத்துப் பார்த்தான். “உட்டுட்டுது” என்றான். முகத்தில் சந்தோஷம் இல்லை. ஜொரம் இருந்தவரைக்கும் அவள் எங்கேயோ இருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்த மாதிரி இருந்தது.

“ஊருக்குக் கொண்டுபோறதா இருந்தா தோண்டிக் குடுக்கிறோம் அண்ணாச்சி, கையாலயே தோண்டுறோம்” என்றார் சங்கரவேலு.

“எங்க கொண்டுபோறது? அந்த ஊட்ட உட்டுத்தான வந்தா” என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கிளம்பும்போது பவுன்தாயிடம் நின்றான். மன்னித்தேன் என்பது மாதிரி ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள், காத்திருக்கிறோமே என்று வெட்கப்பட்டாள்.

“ஜொரம் உட்டா பசிக்கும்” என்றான் அவன். அவ்வளவுதான். நிழற்குடையில் உட்காராமல் வெயிலில் நின்று பஸ் ஏறினான்.

பவுன்தாய் வீட்டுக்குப் போய் நொய்யரிசிக் கஞ்சி வைத்தாள், பருப்புத் துவையல் அரைத்தாள். சட்டியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்து, ஈர மண்ணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாருக்குப் பரிமாறுவது என்று தெரியாமல் உட்கார்ந்தாள். ரோட்டில் ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. செய்தி தெரியாமல் கிளம்பியவர்கள். வாட்டர் பாட்டிலும் தொப்பியுமாக இறங்கி, குளத்தில் கை வைத்துப் பார்த்து ஏமாந்துபோய், அவளிடம் வந்தார்கள்.

“ஏம்மா, வெந்நீர் ஊத்து இதுதானே? பூமிச் சூட்டுல பல்பெல்லாம் எரியும்னாங்களே?”

“பூமிச் சூடு இல்லங்க” என்றாள் பவுன்தாய். “அஞ்சலாட்சின்னு ஒரு பொம்பளைக்குக் காய்ச்சல். தண்ணி கேட்டா, நான் குடுக்கல. இந்த ஊர்ல யாரும் குடுக்கல. செத்துப்போனா. அந்தக் காய்ச்சல்லதான் நீங்கள்லாம் குளிச்சீங்க. இன்னைக்குத்தான் விட்டுச்சு.”

அவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு பின்னால் நின்ற ஒருவர், கெட்ட மனுஷர் மாதிரி தெரியவில்லை, நெடுந்தூரம் குடும்பத்தோடு வந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மறுபடியும் எப்பம்மா சூடாகும்?”

பவுன்தாய்க்கு அவர் மேல் கோபம் வரவில்லை. தான் விடிந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததை யாரோ எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் கஞ்சிச் சட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.